பலகை காய்ந்துதான் இருந்தது

இப்படி உக்காரும்மா. கூச்சப்படாத, எனக்கு உங்கப்பா வயசு. கைக்குழந்தையை வச்சுக்கிட்டுத் தாம்பரம் வரைக்கும் நின்னுக்கிட்டா வருவ? ஜன்னலோரம் நீ போ, பாப்பாவுக்குக் காத்து வரும். நான் இந்தப் பக்கம் இருந்துக்கிறேன்.

இந்த மூட்டை என் மடியிலயே இருக்கட்டும். கீழ வச்சா போறவன் வர்றவன் கால் படும். மேல கம்பியில வச்சா, பிரேக் போட்டதும் யார் தலையிலயாவது விழும். லக்கேஜ் போடணுமான்னு கண்டக்டர் கேட்டான். நடைவண்டிப்பா, என் பேரனுக்குன்னு சொன்னேன். சிரிச்சுக்கிட்டே போயிட்டான்.

ஆமாம்மா, நடைவண்டிதான். மூணு சக்கரம் வச்சு, புள்ளைங்க பிடிச்சுக்கிட்டு நடக்குமே, அது. கடையில வாங்கினது இல்லை, நானே செஞ்சேன். பலாமரம். முன்னாடி ரெண்டு மரக்கிளி வச்சிருக்கேன். சக்கரம் சுத்தினா கிளி ரெண்டும் டொக்கு டொக்குன்னு கொத்தும். என் வீட்டுக்காரியோட பழைய சேலையில சுத்தி எடுத்துக்கிட்டு வரேன்.

வாசனையா? புது மரம் அப்படித்தான் இருக்கும். கொஞ்ச நேரத்துல பழகிடும்.

பாப்பாவுக்கு என்ன வயசு? ஒண்ணரையா? என் பேரனுக்கு இருபது மாசம். நிதர்சன்னு பேரு. நான் அவனைப் பார்த்து ஒன்பது மாசம் ஆகுது. இன்னிக்குப் பார்த்துடலாம்னு போறேன். அவங்க வரச் சொல்லலை. நான் வரேன்னும் சொல்லலை. கதவைத் திறப்பாங்களா, மூஞ்சியில சாத்துவாங்களான்னு தெரியாது. பொருளோட போனா கொஞ்சம் தயங்குவாங்கன்னு ஒரு நினைப்பு. வெறும் கையோட வந்தவனைத் திருப்பி அனுப்பலாம். நடைவண்டியோட வந்த தாத்தாவை எப்படி அனுப்புவ, சொல்லு.

என்ன நடந்ததுன்னு நீ கேக்கலை. கேக்காட்டியும் நான் சொல்லிடறேன். திண்டிவனம் போறதுக்குள்ள சொல்லி முடிச்சிடலாம். ஊர்ல எல்லாரும் ஒரு பக்கத்துக் கதையைத்தான் கேட்டிருக்காங்க.

என் பேரு கலியபெருமாள். பண்ருட்டிக்குக் கிழக்க ஊரு. சுத்தி எங்க பார்த்தாலும் முந்திரித் தோப்பு. முந்திரிக்கொட்டையை உடைச்சா உள்ள பருப்பு இருக்கும். அது உங்க வீட்டுப் பாயசத்துக்கு வந்துடும். மேல இருந்த ஓடு எங்க போகும்னு யாராவது கேட்டிருக்கீங்களா? எங்கிட்ட வரும். நான் வேலை பார்த்த கம்பெனியில ஓட்டைச் செக்குல போட்டு நசுக்குவோம். கருப்பா ஒரு எண்ணெய் இறங்கும், தேன் மாதிரி கெட்டியா. ஓட்டெண்ணெய்னு சொல்லுவோம். கடற்கரை ஊர்லேர்ந்து வந்து கேன் கேனா வாங்கிட்டுப் போவாங்க, படகுக்கு அடிக்க. அது அடிச்ச பலகையைக் கரையான் தொடாது, உப்புத்தண்ணி தொடாது. முப்பத்திரண்டு வருஷம் எனக்கு அந்தச் செக்குதான்.

அது தோல்ல பட்டா சுடும். அதை நான் மறைக்கலை. வேலைக்குப் புதுசா வர்றவனுக்குக் கை கொப்பளிக்கும், தோல் உரியும். ஒரு மாசம் அழுவான். அப்புறம் பழகிடும். என் கையைப் பாரு. செருப்புத் தோல் மாதிரி இருக்கா? அழுத்திப் பாரு, பரவாயில்லை. எனக்கு ஒண்ணும் தெரியாது. கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாம இறக்குவேன். ரேஷன் கடையில ரேகை வைக்கச் சொல்றாங்கல்ல, அந்த மெஷின் என்னை மனுஷனாவே எடுத்துக்கலை. பத்து விரலையும் வச்சுப் பார்த்தாச்சு. 'ஐயா, உங்களுக்கு ரேகையே இல்லை, எங்க வித்தீங்க?'ன்னு அந்தக் கடைக்காரப் பையன் கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

என் வீட்டுக்காரி தனக்கோட்டிக்கும் ரேகை கிடையாது. அவ வீட்டுலயே கொட்டை உடைப்பா. கல்யாணம் ஆன மறுவாரம் உக்காந்தவ. கையைச் சாம்பல்ல புரட்டிக்கிட்டு உடைப்பாங்க, எண்ணெய் ஒட்டாம இருக்க. ஆனாலும் ஒட்டும். ஒரு நாள்கூட எரியுதுன்னு அவ வாயைத் திறந்து சொன்னதில்லை. படுக்கும்போது தண்ணிக் குடத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுப் படுப்பா. குளிர்ச்சிக்கு. அவ்வளவுதான்.

இதை எதுக்குச் சொல்றேன்னா, மருமகப்பொண்ணு முதல் தடவை வீட்டுக்கு வந்தப்போ அந்தக் கையைப் பார்த்துட்டா. ஷர்மிளான்னு பேரு, தாம்பரத்துப் பொண்ணு. நல்ல பொண்ணுதான், நான் குறை சொல்லலை. மாமியார் கையைப் பிடிச்சுக்கிட்டு, ஜோசியம் பார்க்கிற மாதிரி ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தா. அடுத்த தடவை வரும்போது ரப்பர் கையுறை நாலு ஜோடியும் ஒரு களிம்பும் வாங்கிட்டு வந்தா. கையுறை போட்டு உடைச்சா பருப்பு ரெண்டாப் போகும்மான்னு சொன்னேன். தொழில் தெரிஞ்சவன் சொல்றதுதானே? தனக்கோட்டி அந்தக் கையுறையைக் கொண்டுபோய்ப் பட்டுச்சேலையோட பெட்டிக்குள்ள வச்சுட்டா. அப்பப்போ எடுத்துப் பார்ப்பா. போட்டுக்க மாட்டா, பார்ப்பா.

இது கண்டரக்கோட்டைப் பாலம்மா. ஆத்துல தண்ணி இல்லை பாரு.

போன சித்திரையில என் பையன் மணிமாறன் போன் பண்ணினான். 'அப்பா, நிதர்சனுக்கு மொட்டையும் காதுகுத்தும் நம்ம ஊர்லயே வச்சுக்கலாம். வைகாசியில பதினோரு மாசம் வருது. அதுக்குள்ள வீட்டுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிச்சிடுவோம். வாசலுக்கு முன்னாடி மரப்பலகையில ஒரு டெக் போட்டுடுவோம்'னான். டெக்னா என்னடான்னு கேட்டேன். போட்டோ அனுப்பினான். தரையிலேர்ந்து ஒரு முழ உயரத்துல, வீட்டோட ஒட்டினாப்புல பலகைத் தளம். எதுக்கு இதுன்னு கேட்டேன். 'அவன் தவழ்றான்ப்பா. சிமெண்ட்ல தவழ்ந்தா முட்டி தேயுதுன்னு ஷர்மி சொல்றா'ன்னான்.

எனக்குச் சந்தோஷம்தான். அவன் தவழ்றதுக்கு நம்ம வீட்டுல ஒரு இடம் போடறாங்கன்னா, அடிக்கடி வரப்போறாங்கன்னுதானே அர்த்தம்?

பலகை பாண்டிச்சேரியிலேர்ந்து வந்தது. பைன் மரமாம். நகத்தால கீறினா கோடு விழுது. கரையானுக்கு அல்வா. எங்க ஊர்ல மண்ணைத் தோண்டினா தண்ணிக்கு முன்னாடி கரையான்தான் வரும். நான் அப்பவே சொன்னேன். பையன் கேக்கலை. ஆசாரி வந்து நாலு நாள்ல அடிச்சுக் கொடுத்துட்டுப் போயிட்டான்.

பெயிண்டர் பேரு ஜெயசீலன். நெல்லிக்குப்பத்துக்காரன். வேலை சுத்தம், ஆனா அப்படி ஒரு நிதானம். சுவரைச் சுரண்டவே மூணு நாள். அப்புறம் பட்டி பார்த்தான், அது காயணும்னான். பிரைமர் அடிச்சான், அதுவும் காயணும்னான். வீட்டைச் சுத்திச் சுத்தி வருவான், சுவத்துல காதை வைக்காத குறை. 'ஏன்ப்பா, சுவத்துக்குக் கல்யாணமா பண்ணப் போற?'ன்னு கேட்டேன். 'ஐயா, சுவத்துக்கு அவசரம் இல்லை, உங்களுக்குத்தான் அவசரம்'னான். வாய் அப்படி. ஆனா சுவரு நல்லா வந்தது. முன்னாடி பச்சையா இருந்த வீடு சாம்பல் கலர்ல, ஓரத்துல வெள்ளைக் கோடு போட்டு, டவுன் வீடு மாதிரி ஆயிடுச்சு.

கடைசியா பலகைக்கு வந்தான். மரத்துக்கு ஸ்டெயின்னு ஒரு டப்பா. துணியில தொட்டுத் தேய்க்கிறான், வெளுத்த மரம் தேக்கு நிறத்துக்கு மாறுது. பார்க்க லட்சணமாத்தான் இருந்தது. ரெண்டு நாள் ஊறணும், அப்புறம் மேல வார்னிஷ் ரெண்டு கோட்டுன்னான். சனிக்கிழமை சாயந்திரம் தேய்ச்சு முடிச்சுட்டு, நாளைக்குச் சர்ச்சு, திங்கக்கிழமை வரேன்னு போயிட்டான். புதன்கிழமை காதுகுத்து.

ஞாயித்துக்கிழமை நான் அந்தப் பலகையையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். தண்ணி மாதிரி ஒரு மருந்து. அதைத் தேய்ச்சுட்டா கரையான் நிக்குமா? என் வீட்டுல, நான் இருக்கும்போது, என் பேரன் தவழ்ற பலகையைக் கரையான் தின்னணுமா? ரிட்டயர் ஆகும்போது கம்பெனியில கொடுத்த ரெண்டு கேன் எண்ணெய் பின்னாடி கொட்டகையில இருந்தது. அஞ்சு வருஷமா இருக்கு. எடுத்தேன். காவித்தூள் கலந்தேன், நிறத்துக்கு. பழைய சாக்குத்துணியில முக்கி, ஒரு பலகை விடாம, இடுக்கு விடாம அடிச்சேன். குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு. பேரனுக்குச் செய்யறோம்னு நினைச்சா அதெல்லாம் தெரியலை.

தனக்கோட்டி சமையக்கட்டுலேர்ந்து வந்து நின்னா. 'வேணாங்க'ன்னா. அவ்வளவுதான் சொன்னா. ஏன் வேணாம், எதுக்கு வேணாம்னு விளக்கம் கிடையாது. அதைப் பேச்சுன்னு எப்படி எடுத்துக்கிறது?

திங்கக்கிழமை ஜெயசீலன் வந்தான். சைக்கிளை விட்டு இறங்கவே இல்லை. ஒரு காலை ஊனிக்கிட்டு மூக்கை உறிஞ்சினான்.

'யாரு வேலை இது?'

'நான்தான். ஏன்?'

'ஐயா, இது வீடா கட்டுமரமா? இங்க எங்கருந்து அலை வருது?'

'கரையான் வருது. உன் டப்பா அதுக்கு ஆகாது.'

கிட்ட வந்து ஒரு குச்சியால பலகையைத் தொட்டுப் பார்த்தான். குச்சி ஒட்டிக்கிட்டு நூல் மாதிரி இழுத்தது. அப்புறம் என்னமோ வாத்தியார் மாதிரி சொன்னான். 'நான் தேய்ச்ச ஸ்டெயின் மரத்தோட துவாரத்தை எல்லாம் அடைச்சிருக்கும். நீங்க ஊத்தினதுக்கு உள்ள போக வழி இல்லை. மேலயேதான் நிக்கும். காய்ஞ்ச மாதிரி தெரியும், வெயில் பட்டா மறுபடி கசியும். இன்னிக்கு ஒரு நாள் எனக்குக் கொடுங்க. தின்னர் ஊத்திச் சுரண்டி எடுத்துடறேன்.'

நான் விடலை. ஏம்மா, முப்பத்திரண்டு வருஷம் அந்த எண்ணெயில கிடந்தவன் நான். எனக்கு அவன் சொல்லித் தரணுமா?

'அப்படின்னா ஒரு மாசத்துக்கு யாரையும் இதுல ஏத்தாதீங்க. பாய் விரிச்சாலும் ஊறும்'னான். பிரஷ்ஷை எல்லாம் மண்ணெண்ணெயில கழுவி மூட்டை கட்டிட்டான். போகும்போது எங்கிட்ட சொல்லிக்கலை. பின்பக்கம் போய்த் தனக்கோட்டிகிட்ட மட்டும் என்னமோ சொல்லிட்டுப் போனான்.

அவன் சொன்னதை நான் அப்படியே தள்ளிடலை. ஒட்டுதுன்னு சொன்னான்ல, அதுக்கு வழி பண்ணினேன். செங்கல்லை இடிச்சு, மாவு சல்லடையில சலிச்சு, பலகை முழுக்கத் தூவினேன். ஒரு நாள் முழுக்க ஊற விட்டுத் தேங்காய் நார் போட்டுத் தேய்ச்சேன். நல்லாச் செவசெவன்னு, பிசிறு எதுவும் இல்லாம வந்தது. அப்புறம் உள்ளங்கையை வச்சுப் பார்த்தேன். ஒரு இடம் இல்லை, பத்து இடத்துல வச்சுப் பார்த்தேன். அழுத்தித் தடவினேன். ஈரம் இல்லை, பிசுக்கு இல்லை, ஒண்ணும் தெரியலை. பலகை காய்ஞ்சுதான் இருந்தது. இதை நான் எந்தச் சாமி முன்னாடியும் சொல்லுவேன்.

புதன்கிழமை காலையில எழுந்து பார்த்தா, டெக்கைச் சுத்தி நாலு பக்கமும் கயிறு கட்டியிருக்கு. தனக்கோட்டி வேலை. கொட்டை மூட்டை கட்டுற சணல் கயிறு. விசேஷ வீட்டுல வாசல்ல கயிறு கட்டி வச்சா வர்றவங்க என்ன நினைப்பாங்க? சாவு வீடுன்னு நினைக்க மாட்டாங்களா? அறுத்துப் போட்டேன். அவ பார்த்துக்கிட்டே நின்னா. அப்பவாவது வாயைத் திறந்தாளா? இல்லை.

கோலியனூர் வந்துடுச்சு. பாப்பா முழிச்சுக்கிச்சா? இல்லையா? சரி, தூங்கட்டும்.

கோயில்ல மொட்டை அடிச்சு, தாய்மாமன் மடியில வச்சுக் காது குத்தி, வீட்டுக்கு வரும்போது மணி பதினொண்ணு. நல்ல வெயில். புள்ளை அழுது அழுது களைச்சிருந்தான். தலையில சந்தனம் பூசியிருந்தாங்க, காதுல பொட்டுத் தோடு. குளிப்பாட்டித் தேங்காய் எண்ணெய் தடவி, ஜட்டி மட்டும் போட்டு எங்கிட்ட கொடுத்தா ஷர்மிளா. 'மாமா, கொஞ்சம் வச்சிருங்க, ரெண்டு வாய் சாப்பிட்டு வந்துடறேன்'னா. 'நிதானமா சாப்பிடும்மா'ன்னேன். காலையிலேர்ந்து அவன் ஒவ்வொருத்தர் இடுப்பா மாறிக்கிட்டே இருந்தான். இறங்கணும்னு காலை உதைக்கிறான்.

நான்தான் இறக்கி விட்டேன். வேற யார் இறக்கி விடுவாங்க? அவனுக்காகத்தானே போட்டது.

என்ன தவழ்றான் தெரியுமாம்மா. சரசரன்னு இந்தக் கோடிக்குப் போறான், அங்க உக்காந்து ரெண்டு கையாலயும் பலகையைத் தட்டறான். சத்தம் வருதுன்னதும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறான். மறுபடி தட்டறான். சாப்பிட்டுட்டு வந்த சொந்தக்காரங்க எல்லாம் போனை எடுத்துப் படம் பிடிச்சாங்க. 'கலியபெருமாள் பேரன் மேளம் வாசிக்கிறான் பாரு'ன்னாங்க. பந்தல் நிழல் நகர்ந்து கொஞ்சம் வெயில் விழுந்தது, இளஞ்சூடா இருந்திருக்கும் போல, அப்படியே கவுந்து படுத்துட்டான். மொட்டைத் தலையைப் பலகையில சாய்ச்சு வச்சுக்கிட்டுத் தூங்கியே போயிட்டான். நான் பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்து விசிறிக்கிட்டிருந்தேன். ஒரு மணி நேரம் இருக்கும். என் ஆயுசுல அப்படி ஒரு மணி நேரம் நான் இருந்ததில்லை.

முழிச்சதும் கையால கண்ணைக் கசக்கினான். எல்லாப் புள்ளையும் கசக்கும்.

சாயந்திரம் ஒரு பக்கம் சிவந்திருந்தது. வெயில்னு சொன்னேன். மொட்டையடிச்ச கத்தி சரியில்லைன்னு யாரோ சொன்னாங்க, அதுவும் இருக்கலாம்னேன். அவங்க தண்ணியை ஊத்திச் சோப்புப் போட்டுக் கழுவினாங்க. அதுதான் தப்பு. தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைச்சு எடுக்கணும், தண்ணி பட்டா பரவும். அது எங்க வேலையில சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும். என்னை யாரும் கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

விடியறதுக்குள்ள கொப்பளிச்சுடுச்சு. தலை, ஒரு பக்கக் கன்னம், வயிறு, ரெண்டு உள்ளங்கை, முட்டி, பாதம். தூக்க முடியலைம்மா. எங்க பிடிச்சுத் தூக்குறது? வாழையிலையில வச்சு கார்ல கொண்டுபோனாங்க, பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு. தனக்கோட்டி கூடப் போனா. போறதுக்கு முன்னாடி பெட்டியைத் திறந்து அந்தக் கையுறையை எடுத்துக்கிட்டா. எதுக்குன்னு அப்ப எனக்குப் புரியலை. அப்புறம்தான் நர்சம்மா சொன்னாங்க, அவ வெறும் கையால பேரனைத் தொடவே இல்லையாம். தன் கையிலயும் அது இருக்கும்னு பயமாம். பைத்தியக்காரி.

இருபத்திரண்டு நாள் ஆஸ்பத்திரி. தோல் எல்லாம் ஆறிடுச்சு. குழந்தைத் தோல் சீக்கிரம் ஆறும். தலையில ஒரு பக்கம் மட்டும் முடி வரலை, வந்துடும். இடது கண்ணுல கொஞ்சம் மங்கல்னு டாக்டர் சொன்னாராம். வளர வளரச் சரியாயிடும்னு நான் நினைக்கிறேன். சின்ன வயசுதானே.

பதினெட்டாவது நாளோ என்னமோ, மணிமாறன் என்னை ஆஸ்பத்திரி மாடிப்படிக்குக் கீழ கூட்டிக்கிட்டுப் போனான். அடிப்பான்னு நினைச்சேன். அடிக்கலை. கையைப் பிடிச்சுக்கிட்டான். 'அப்பா, தெரியாம செஞ்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஷர்மிகிட்ட வந்து அதை மட்டும் சொல்லுங்க. போதும். நான் மீதியைப் பார்த்துக்கிறேன்'னான்.

எப்படிம்மா சொல்றது? தெரியாமன்னு எப்படிச் சொல்றது? அந்த எண்ணெயைப் பத்தி எனக்குத் தெரியாததுன்னு ஒண்ணு இருக்கா? கம்பெனி முதலாளியே, கேன் ஒண்ணு கெட்டுப்போச்சான்னு பார்க்க என்னைத்தான் கூப்பிடுவாரு. எனக்குத் தெரியாதுன்னு சொன்னா அது பொய். பொய் சொல்ல மாட்டேன்னு சொன்னேன்.

'அப்ப தெரிஞ்சே செஞ்சீங்களா?'ன்னு கேட்டான்.

பாரு, எப்படித் திருப்புறான்னு. அவன் என் கையை விட்டுட்டான்.

ஆஸ்பத்திரியிலேர்ந்து அப்படியே தாம்பரம் போயிட்டாங்க. தனக்கோட்டியும் போயிட்டா. புள்ளைக்கு ஒத்தாசைக்குப் போறா, ஒரு மாசத்துல வந்துடுவான்னு இருந்தேன். ஒன்பது மாசம் ஆகுது. நானே சோறாக்கிச் சாப்பிடறேன்.

ஆடி மாசம் மணிமாறன் ஒரே ஒரு நாள் வந்தான், கடப்பாரையோட. பலகையை எல்லாம் பெயர்த்தான். எரிக்கப் பார்த்தான். அந்தப் புகை ஆகாதுடான்னு நான்தான் தடுத்தேன். தோட்டத்துல குழி வெட்டிப் புதைச்சான். நானும் கூட நின்னு மண்ணைத் தள்ளினேன். இப்ப வீட்டைப் பார்த்தா, மேல எல்லாம் சாம்பல் கலர். பலகை இருந்த உயரத்துக்குக் கீழ மட்டும், ஒரு முழத்துக்குப் பழைய பச்சை தெரியுது. பெயிண்ட் அடிக்கணும்னு ஜெயசீலனைக் கூப்பிட்டு விட்டேன். வர மாட்டேன்னுட்டான்.

இது விக்கிரவாண்டி டோல்கேட். இங்க நிக்கும். வெள்ளரிக்காய் வேணுமா? வேணாமா? சரி.

தனக்கோட்டி மாசத்துக்கு ஒரு தடவை போன் பண்ணுவா. சாப்பிட்டீங்களாம்பா. சாப்பிட்டேம்பேன். மூணு மாசத்துக்கு முன்னாடி நானா கேட்டேன், புள்ளை நடக்கிறானான்னு. 'சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிப்பான். கையை விட மாட்டேங்கிறான். தரையில கை ஊனவும் மாட்டேங்கிறான். எதைத் தொடறதுக்கு முன்னாடியும் எங்களைத் திரும்பிப் பார்க்கிறான்'னா. வச்சுட்டா.

சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவனுக்கு என்ன வேணும்? பிடிச்சுக்கிட்டே நடக்க ஒண்ணு வேணும். அவ்வளவுதானே? மறுநாளே பலா மரம் வாங்கினேன். ஒரு மாசம் இழைச்சேன். மூலை ஒண்ணுகூடக் குத்தாது. இரு, காட்டறேன். சேலையை விலக்கினா தெரியும். இதோ, கிளி. இது கைப்பிடி. எவ்வளவு வழவழன்னு இருக்கு பார்த்தியா? என்ன நிறம், என்ன பளபளப்பு.

அட, பாப்பா முழிச்சுக்கிச்சு. கிளி பிடிச்சிருக்கா கண்ணு? தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு. இப்படிச் சக்கரத்தைச் சுத்து. கொத்துது பார்த்தியா. சிரிக்குது பாரும்மா.

பெயிண்டா? சேச்சே. கடைப் பெயிண்ட்டை நம்பிக் குழந்தை கையில கொடுப்பேனா? அதுல என்னென்ன விஷம் கலக்கறானுங்களோ. இது நம்ம எண்ணெய்தாம்மா.

இரு, இரு. நீ நினைக்கிற மாதிரி இல்லை. அது பச்சை எண்ணெய். இது காய்ச்சினது. வெளியில அடுப்பு வச்சு, பாதியா வத்துற வரைக்கும் ரெண்டு நாள் காய்ச்சினேன். ஆற வச்சு, மூணு கோட். ஒவ்வொரு கோட்டுக்கும் பத்து நாள் நிழல்ல காய வச்சேன். ஜெயசீலன் காய வைக்கிற மாதிரி, பொறுமையா. தப்பு எதுன்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அவசரப்பட்டது தப்பு. எண்ணெய் தப்பு இல்லை. அதை அவங்க கண்ணால பார்க்கணும். இந்த வண்டியைப் பிடிச்சுக்கிட்டு அவன் நடக்கிறதை ஷர்மிளா பார்க்கணும். பார்த்தா புரியும் இல்லையா, தாத்தனுக்குத் தொழில் தெரியும்னு? உள்ளங்கையை வச்சுப் பார்த்துட்டேம்மா. இன்னிக்குக் காலையிலகூடக் கிளம்பறதுக்கு முன்னாடி கைப்பிடியைப் பிடிச்சு அழுத்திப் பார்த்தேன். ஒண்ணும் தெரியலை. காய்ஞ்சிருக்கு.

ஏம்மா பாப்பா கையைப் பிடிச்சு இழுக்கிற? அழுவுது பாரு.

சேலையிலயா? எங்க? ஆமா, கொஞ்சம் ஊறியிருக்கு. என் வேட்டியிலயும் இருக்கு. வெயில் இந்தப் பக்கம் அடிச்சுக்கிட்டே வந்ததுல்ல, அதான். லேசாத்தான்.

தண்ணி ஊத்தாத. அம்மா, பாட்டிலை மூடு. தண்ணி ஊத்தாதம்மா, பரவும். தேங்காய் எண்ணெய் வச்சிருக்கியா? பையில குழந்தைக்குன்னு ஏதாவது வச்சிருப்பியே. அதைத் துணியில தொட்டு, தேய்க்காம ஒத்தி எடு. விரல் இடுக்குல எடு. வாயில வைக்க விடாத. கண்ணுக்கிட்ட கொண்டுபோக விடாத, கையைக் கெட்டியாப் பிடிச்சுக்க. ஆங், அப்படித்தான். இன்னொரு தடவை.

ஒண்ணும் ஆகாதும்மா. இது காய்ச்சினது.

எங்க எழுந்திரிக்கிற? திண்டிவனம் இப்பத்தான் வருது. முன்னாடி சீட் காலியாச்சா? சரி, போ. பார்த்துப் போ, வண்டி ஆடுது. நான் காலை மடக்கிக்கிறேன்.

ஏம்மா. கண்டக்டர் தம்பி, கொஞ்சம் அந்த அம்மாவைக் கூப்பிடுப்பா. ஏம்மா, கோவிச்சுக்காத, ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. நீயும் புள்ளை வச்சிருக்கிறவ, உனக்குத் தெரியும்.

அவன் கை பிடிக்கிற இடத்துல மட்டும் துணி சுத்திட்டா போதுமா?